ஹால்பெரா குமிழிகளிடம் சொன்னது

1

இந்தக் கதை எனக்கு நீச்சல்குளத்துச் சுடுநீர்த் தொட்டியில் கிடைத்தது. கழுத்துவரை வெந்நீர், தலைமேல் பனித்தூறல். ஐஸ்லாந்துக்காரர்கள் நாங்கள் வீட்டில் பேச முடியாததை அங்கேதான் பேசுவோம். சொன்னவள் ஹால்பெரா.

"எழுதுடா. நீ எழுதறதை என் புருஷன் ஒரு வரி விடாம படிப்பான்."

"நான் என்ன தபால்காரனா?"

"தபால்காரன் உறையைப் பிரிக்க மாட்டான்."

2

முதல் தொடக்கம்: 'எரிமலை ஏரியின் ஆழத்தில் ஒரு மர்மம்...' வேண்டாம். சுற்றுலாக்காரர்களிடம் விற்கிற சரக்கு.

இரண்டாவது: 'ஹால்பெராவுக்கு ஓர்மரைப் பிடிக்கவில்லை.' பொய். பிடித்திருந்ததுதான் சிக்கலே.

சரி, நேராகவே வருகிறேன். அவள் புருஷன் ஓர்மர் கிளைவர்வத்ன் ஏரியில் முக்குளிக்க இறங்கினான். முதுகில் காற்றுக் கலன். நீர் விறைக்கும் குளிர். அடியில் மட்டும் வெந்நீர் ஊற்றுகள். அங்கே போய்க் கையைச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுக்குச் சொர்க்கம். கரையில் இருந்தபடி அவள் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி வந்தால் ஆள் நலம் என்று அர்த்தம்.

3

குமிழிகளைப் பார்த்தே பேசினாள்.

"வசந்தத்துல நான் வடக்கே போயிடறேன், ஓர்மர். உன்மேல கோபம் ஒண்ணுமில்ல. உனக்குத் தண்ணிக்கு அடியில கிடைக்கற நிம்மதி எனக்கு நம்ம வீட்டுல ஒருநாளும் கிடைக்கல."

(மூச்சுக் குமிழி விட்டுவிட்டு வரும், ஊற்றுக் குமிழி ஓயாது. இங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மனத்தில் இருப்பதைக் கொட்டுகிறவள் அதையா கவனிப்பாள்?)

அவள் பார்த்தது ஏரியின் குமிழி. ஓர்மரின் மூச்சுக்கருவி குளிரில் உறைந்துபோக, அவன் எப்போதோ பாறைக்கு அந்தப் பக்கம் கரையேறியிருந்தான். அவள் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"காப்பி மிச்சம் இருக்கா?"

அவன் காதில் விழுந்ததா, இல்லையா? இன்றுவரை தெரியாது என்று தொட்டியில் என்னிடம் சொன்னாள்.

"இன்னொரு தடவை என்னால அதைச் சொல்ல முடியாதுடா. அவன் கேட்டான்னு எழுது. கேட்டிருந்தா ஒத்துக்குவான். கேக்கலன்னா படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

4

முடிவு அ: கேட்டான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். (இதை எழுதும்போது என் கை கூசியது.)

முடிவு ஆ: கேட்கவில்லை. தலையுறை காதை மூடியிருந்தது. அடுத்த குளிர்காலமும் அவர்கள் இருவரும்...

இதற்குமேல் ஓடவில்லை.

5

போன வாரம் அதே தொட்டியில் என் எதிரே ஓர்மர் வந்து உட்கார்ந்தான்.

"ஹால்பெரா உன்கிட்ட சொல்லியிருப்பாளே."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கேக்கலன்னு எழுதுடா. வசந்தம் வரைக்குமாவது."



6

ஐந்தாம் பகுதியை நீக்கிவிட்டால் வசந்தம்வரை அவன் எதுவும் காதில் விழாதவனாகவே அவளோடு இருக்கலாம். விட்டுவைத்தால் அவள் அந்த வார்த்தைகளை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேரும் என் சிநேகிதர்கள். இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள்.

தாளின் ஓரத்தில் [ஐந்து வேண்டாம்] என்று எழுதினேன். பிறகு அதன்மேல் ஒரு கோடு போட்டேன். பிறகு அந்தக் கோட்டை அழித்தேன். நாளை தாள் அச்சுக்குப் போகிறது.

என்ன முடிவு செய்தேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஐந்தாம் பகுதியைப் படித்தீர்களா, நீங்களே சொல்லுங்கள்.