பதினோராவது வளைவு

அன்னக்கொடி போடியில் சுகாதாரச் செவிலி. 1983-ல் அவளுக்கு இருபத்தெட்டு வயது. மெட்ராசில் பொது சுகாதார மேற்படிப்புக்கு விண்ணப்பம் கேட்டிருப்பதைப் பேப்பரில் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது இடத்தில் பதினெட்டு டாக்டர்களுக்குப் போய்விடும். மிச்சம் இரண்டுக்குத் தமிழ்நாட்டு நர்சுகள் அத்தனை பேரும் முட்டி மோத வேண்டும். சொந்தமாகச் செய்த கள ஆய்வு ஒன்றையும் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டுமாம்.

"டாக்டருகளே ரெண்டு தடவ போட்டுட்டுத் தோத்து வர்றாங்க. நீ போயி என்னத்தக் கிழிக்கப் போற?" என்றார் அவளுடைய அதிகாரி. சிரித்துக்கொண்டேதான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆய்வுக்கு எடுத்தது மஞ்சள் காமாலை. அந்த வருஷம் அது வீடு வீடாக ஏறி இறங்கியது. போடியில் பதினோரு பேர், ராசிங்காபுரத்தில் ஒன்பது, தேவாரத்தில் ஆறு. பெயர், வயது, தெரு, குடிக்கிற கிணறு என்று நோட்டு நிறைய எழுதினாள். கிணறுகளில் எல்லாம் பிளீச்சிங் பவுடர் கொட்டியாகிவிட்டது. நோய் அசைந்து கொடுக்கவில்லை. மூன்று ஊர், இருபது கிணறு, ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. இதை அனுப்பினால் குப்பைக்கூடைக்குத்தான் போகும் என்று அவளுக்கே தெரிந்தது.

ராசிங்காபுரத்து முனியாயி வீட்டுக்கு இரண்டாம் தடவை போனாள். கண்ணெல்லாம் மஞ்சளாக, கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தாள் முனியாயி.

"எந்த எஸ்டேட்டுல வேல பாக்குற, ஆத்தா?"

"பேர என்னத்தக் கண்டேன் நர்சம்மா? கன்னையன் ஜீப்புல போறோம். எறக்கிவிடுற எடத்துல காயெடுக்குறோம்."

ஏலக்காய் எடுக்க மலையேறும் சனம் எஸ்டேட் பேரைச் சொல்லாது, ஜீப்காரன் பேரைத்தான் சொல்லும். அன்னக்கொடிக்குப் பாவாடை கட்டிய நாளிலிருந்தே இது தெரியும். படித்தவளாயிற்றே, அதைக் கேட்கத்தான் தோன்றவில்லை! தன்னைத்தானே திட்டிக்கொண்டு இருபத்தாறு பேரிடமும் மறுபடி நடந்தாள். ஒரே கேள்விதான்: யார் ஜீப்?

இருபத்திரண்டு பேர் கன்னையன் ஜீப். மிச்சம் நாலு பேர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அதே எஸ்டேட்டுக்குப் போகும் சோலைமலை ஜீப்பில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

"என் வண்டி மேலயா பழி போடுற தாயி? நாளைக்கு எவன் ஏறுவான்?" என்று கன்னையன் எகிறினான். மறுநாள் காலையில் அன்னக்கொடி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கிழட்டு ஜீப். போடிமெட்டுப் பாதையில் பதினோராவது வளைவில் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. ரேடியேட்டர் ஆறும்வரை தினமும் அங்கேதான் நிற்குமாம். சனம் இறங்கி, பாறையில் கசிந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தது. மற்ற ஜீப்புகள் நிற்காமல் ஏறிப் போயின. அன்னக்கொடி புதரைப் பிடித்துப் பாறைமேல் ஏறிப் பார்த்தாள். ரோடு வேலைக்கு வந்தவர்களின் குடிசைகள். அவர்கள் ஒதுங்குகிற இடம் ஊற்றுக்கு நேர் மேலே இருந்தது.

அவள் இறங்கி வந்து சொன்னதைக் கேட்டதும் கன்னையன் முகம் செத்துவிட்டது. "சுனைத் தண்ணி, நல்லாருக்கும்னு நாந்தானே தாயி குடிக்கச் சொன்னேன்."

மறுநாளே காய்ச்சிய தண்ணீர் இரண்டு கேன் ஜீப்பில் ஏறியது. ஊற்றில் கை வைத்தால் நடுமலையில் இறக்கிவிடுவேன் என்று மிரட்டினான். உள்ளே புகுந்த நோய் வெளியே தெரிய ஒரு மாதம் ஆகும். புதிதாக மூன்று பேர் படுத்தார்கள். அவள் தவித்துப்போனாள். அதன்பிறகு ஆறு வாரம் ஒரு கண்கூட மஞ்சளாகவில்லை. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தாள்.

நேர்முகத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெரிய டாக்டர், "அத்தனை நாள் கிணறு கிணறாகப் பார்த்தது வீண்தானே?" என்றார்.

"வீண்தான் சார். அவங்க வீட்டு வாசல்ல நின்னே கேட்டுட்டு இருந்தேன். பகல் பூரா அவங்க வீட்லயா இருக்காங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "இதை என் மாணவர்களுக்குப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

இடம் கிடைத்த கடிதம் அதிகாரி கைக்குத்தான் முதலில் வந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, எழுந்து நின்று கொடுத்தார். அன்னக்கொடிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் அறையைத் தாண்டியதும் கத்தியேவிட்டாள்.

மெட்ராசுக்குக் கிளம்பிய அன்று கன்னையன் ஜீப்பிலேயே பெட்டி ஏறியது. அவன் புது ரேடியேட்டர் போட்டிருந்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆரன் அடித்துக்கொண்டே வந்தான், வண்டி நிறையப் பெண்கள். பஸ் நகரும்போது முனியாயி ஜன்னலை ஒட்டி ஓடி வந்தாள்.

"அங்க எவனாச்சும் யாருன்னு கேட்டா, கன்னையன் ஜீப்பு ஆளுன்னு சொல்லு ஆத்தா!"

மெட்ராசில் முதல் வகுப்பில் பதினெட்டு டாக்டர்களும் கல்லூரிப் பெயர் சொல்லி முடித்தபின், அன்னக்கொடி எழுந்து முனியாயி சொன்னபடியே சொன்னாள்.