தூக்கிய கை

"உங்க க்ளாஸ்ல கொசுகூட கையத் தூக்கிட்டுத்தான் பறக்கும் டீச்சர்," என்பார் பி.டி. மாஸ்டர்.

கணக்கு டீச்சருக்கு அதில் பெருமைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பிள்ளைகள் அவளை அழவைத்தார்கள். பிறகு வந்தது அந்தச் சட்டம். கூப்பிடாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும்.

அன்று பலகையில் வகுத்தல் கணக்கு. பாதியில் திரும்பினாள். கடைசி வரிசையில் நாலைந்து கைகள். விடை தெரிந்துவிட்டது போல என்று நினைத்தாள்.

"பொறுங்க. முடிச்சிடறேன்."

மீதி வரும்வரை எழுதினாள். பின்னால் சத்தமே இல்லை.

மறுபடி திரும்பியபோது கடைசி வரிசையில் மூச்சிழுப்பு உள்ள பெண்ணின் தலை மேசைமேல் கிடந்தது. உதடு நீலம். பக்கத்தில் இருந்த இரட்டைச்சடைக்காரி ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை மேலே.

ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பெரிய டீச்சர் அறைக் கதவைச் சாத்தினார். "நீங்க போர்டைப் பாத்துட்டிருந்தீங்க. கவனிக்கல. பெத்தவங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். நீங்களா வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க."

தலையாட்டினாள்.

லீவு முடிந்து வகுப்புக்கு வந்தாள். கடைசி பெஞ்சில் இரட்டைச்சடைக்காரி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே யாரும் கை தூக்க வேணாம். எதுன்னாலும் கத்துங்க."

யாரும் கத்தவில்லை.

"ஏதாவது பேசுங்கப்பா."

முன்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். தூக்கியதும் பயந்து இறக்கினான்.

இரட்டைச்சடைக்காரி எழுந்தாள். கைகள் பாவாடையைப் பிடித்திருந்தன.

"நீங்க பாத்தீங்க டீச்சர். பொறுங்கன்னு சொன்னீங்க."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள்.

"பக்கத்துலயே உக்காந்திருந்து ஏன்டி சொல்லலன்னு அவ அம்மா கேட்டாங்க. கை தூக்கினேன்னு சொன்னேன். பொய் சொல்றேன்னு எங்க அம்மா அடிச்சாங்க."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"பாத்தேன். நீ தூக்கின கையப் பாத்தேன்."

"எங்க அம்மாகிட்ட சொல்வீங்களா?"

"சொல்றேன். அவ அம்மாகிட்டயும்."

யாரோ அழத் தொடங்கினார்கள். பிறகு பேச்சு. பெஞ்சுகள் இழுபட்டன. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அடுத்த வகுப்பு டீச்சர் வாசலில் எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், சந்தைக்கடையாட்டம்?"

"கொஞ்சம் பாத்துக்கங்க. அடக்காதீங்க."

பெரிய டீச்சரின் அறையை நோக்கி நடந்தாள். வராந்தா முடியும்வரை சத்தம் கேட்டது.