ஏழு வாளித் தண்ணீர்

யாம்னாவின் கைகளில் முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. விரல் இடுக்குகளில் நீர் கோத்து, வெடித்து, காய்ந்து, மறுபடி வெடித்தது. காசாபிளாங்கா நகரத்தின் குப்பைமேட்டில் பதினொரு வருடம் பிளாஸ்டிக் பொறுக்கிய கைகள். கையுறை போட்டால் எது கெட்டி, எது லேசு என்று விரலுக்குத் தெரியாது. மேட்டில் யாரும் போடுவதில்லை. சாயங்காலம் துணி வெளுக்கும் பிளீச்சில் கழுவிக்கொள்வார்கள். எரிந்தால் சுத்தமாகிறது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை மகள் இல்ஹாமுக்கு மணப்பெண் குளியல். ஹம்மாம் என்ற பொதுக் குளியல் கூடத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் சூழ நிற்க, பெற்றவள் ஏழு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். யாம்னாவுக்கு இருப்பது ஒரே மகள்.

சம்பந்தி வீட்டில் யாம்னா ஏதோ ஆபீஸில் தரை துடைப்பதாகச் சொல்லி வைத்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தேநீர் ஊற்றினாள். ஹம்மாமில் சட்டை கிடையாது.

"மருதாணி அப்பிடலாம்," என்றாள் ஹத்தா. மேட்டில் பக்கத்தில் நின்று பொறுக்குகிறவள். "முழங்கை வரைக்கும். புண்ணுக்கும் நல்லது."

"கிழவி மினுக்குறான்னு சிரிப்பாளுங்கடி."

"சிரிக்கட்டுமே. சிரங்குன்னு ஓடறதுக்குச் சிரிக்கறது தேவல."

வெறும் மருதாணி புண்ணின் சிவப்பை மறைக்காது. அதற்கும் ஹத்தாவிடம் வழி இருந்தது. போன வாரம் லாரி கொட்டியதில் தலைக்குப் பூசும் கறுப்பு டை, பாதி தீர்ந்த டப்பாக்களாக நாலு கிடைத்தது. மருதாணியில் கலந்து குழைத்து யாம்னாவின் கைகளில் அப்பினாள்.

"எரியுதுடி."

"பிளீச் எரியலயா? பொறுத்துக்க."

யாம்னா பொறுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் கைகள் கன்னங்கரேலென்று இருந்தன. ஒரு புண் தெரியவில்லை. இல்ஹாம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கல்யாணம் எனக்கா உங்களுக்கா உம்மா?"

யாம்னா வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

வியாழக்கிழமை விடிந்தபோது விரல்கள் மடங்கவில்லை. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. கறுப்புக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, முழங்கை வரை நீர் வடிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஹம்மாம் வாசலில் காவல் இருக்கும் மஹ்ஜூபா மறித்தாள்.

"துணிய எடுங்க."

"மருதாணிதான்."

"எடுங்கங்கறேன்."

எடுத்தாள். மஹ்ஜூபா பின்னால் நகர்ந்தாள். "இதோட உள்ள விட்டா நாளைக்கு இந்த வாசலை ஒருத்தி மிதிப்பாளா?"

"ஒட்டாதும்மா. ஏழே வாளி. ஊத்திட்டு வந்துடறேன்."

சம்பந்தியம்மா வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தரை துடைக்கிற கையா இது?"

இல்ஹாம் தாயின் கையைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

"நீங்க துணிமணியப் பாத்துக்குங்க உம்மா," என்றாள்.

பெண்கள் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

யாம்னா வெளிப்பலகையில் உட்கார்ந்தாள். உள்ளே முதல் வாளி விழுந்தது. குலவை எழுந்தது. சம்பந்தியம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. இரண்டு. மூன்று. ஐந்துக்குப் பிறகு சத்தத்தில் தண்ணீர் விழுவது கேட்கவில்லை.

மகள் துவட்டிக்கொள்ள வாங்கிய புது வெள்ளைத் துண்டு மடியில் இருந்தது. புண்ணின் நீர் அதில் பட்டுவிடாமல், கைகளைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.