பென்சில் குறி போட்ட இடங்கள்

டெய்லரக்கா ஏமாந்த கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "படிச்சுப் பாக்காமலா கையெழுத்து போட்டீங்க?" கேட்பவர்களுக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விடலாம். வங்கியில் முப்பது பக்கத்தை நீட்டினால் உட்கார்ந்து படிக்கிற ஆள் ஒருத்தரைக் காட்டுங்கள், பார்ப்போம்.

அவளுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். துணியில் சாக்பீஸ் குறி விழுந்துவிட்டால் அளவெடுத்து, யோசித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஊசி குறியில் போக வேண்டியதுதான். நடுவில் யோசித்தால் தையல் கோணிவிடும். வங்கிப் பெண் பென்சிலால் ஏழு இடத்தில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு நீட்டினாள். டெய்லரக்கா ஏழிலும் கையெழுத்து போட்டாள். ஏதாவது விட்டுப்போயிற்றா என்று திரும்ப ஒருமுறை புரட்டி வேறு பார்த்தாள், பாவம்.

அந்த வங்கிப் பெண் கடைக்குப் பழைய வாடிக்கை. கடைக்கு எதிர்வரிசையில்தான் வங்கி. யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி ஒருநாள் மதியம் வந்தாள். டேப்பைச் சுற்றிப் பார்த்த டெய்லரக்கா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"மூணு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா. மேனேஜருக்கே இன்னும் தெரியாது." அதோடு நிறுத்தவில்லை, பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். மாதக் கடைசிக்குள் இன்னும் நாலு லட்சம் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காதவர்களின் பெயரை மேனேஜர் தினம் காலையில் எல்லோர் முன்னாலும் வாசிக்கிறாராம். இந்த நிலைமையில் லீவு கேட்டால் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

டெய்லரக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "என் டெபாசிட் அடுத்த வாரம் முடியுது. சரியா நாலு லட்சம். அதைத் திரும்ப நீ பிடிச்சதாப் போட்டுக்க. எனக்கு எங்க கிடந்தா என்ன?"

"டெபாசிட் மாதிரியேதான் அக்கா, வட்டி மட்டும் கொஞ்சம் கூட," என்றாள் அந்தப் பெண். இப்படித்தான் போனது நாலு லட்சம்.

நாலு மாதம் கழித்துக் கடைக்காரர், அதாவது கடை இருந்த இடத்தின் சொந்தக்காரர், வந்து நின்றார். மகளோடு போய் இருக்கப் போகிறாராம், இடத்தை விற்கிறாராம். "முதல் உரிமை உனக்குத்தாம்மா. மூணு மாசத்துல நாலு லட்சம் கட்டு, மீதியை மாசாமாசம் குடு. அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய கடைதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் பேரில் ஒரு கைப்பிடி இடம் இருந்ததில்லை. அன்றைக்கே வங்கிக்கு ஓடினாள்.

அந்தப் பெண் பிரசவ லீவில் போய்விட்டிருந்தாள். மேனேஜர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு டெபாசிட் எதுவும் இல்லையே. இது பத்து வருஷ ஆயுள் காப்பீடு. வருஷாவருஷம் நாலு லட்சம் கட்டணும். இப்ப நிறுத்தினா ஒண்ணேகால் லட்சம் வரும்."

வருஷாவருஷம் நாலு லட்சமாம். டெய்லரக்கா மூச்சுவிடாமல் தைத்தாலும் அந்தத் தொகையைச் சேர்க்க ஏழு வருஷம் ஆகும். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்கதானே கையெழுத்து போட்டிருக்கீங்க?" என்று மேனேஜர் ஏழு இடத்தையும் புரட்டிக் காட்டினார், என்னவோ அவள் திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி.

வீட்டுக்காரர் லாரி ஓட்டி முழங்கால் போய் வீட்டில் இருக்கிறவர். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. "நானும் எத்தனையோ செக்போஸ்ட்ல பணம் புடுங்குறதப் பாத்திருக்கேன். ஏசி ரூம்ல உக்கார வெச்சு, தண்ணி குடுத்துப் புடுங்குறத இப்பத்தான் கேள்விப்படுறேன்," என்றார். கிண்டல் பண்ணினாலும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. யார் யாரையோ விசாரித்து, வங்கிகள் மேல் வரும் புகாரைக் கேட்கக் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், காசு வாங்க மாட்டார், வக்கீலும் வேண்டாம் என்று கண்டுபிடித்தார். முதலில் வங்கிக்கே எழுத வேண்டும், ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். எழுதினார்கள். 'தாங்கள் மனமுவந்து கையொப்பமிட்டுள்ளீர்கள்' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதையும் சேர்த்து மேலே அனுப்பினார்கள். விசாரணைக்குத் தேதி வந்தபோது கடைக்காரர் சொன்ன கெடுவில் பதினோரு நாள்தான் மிச்சம்.

குறைதீர்ப்பாளர் ஒரு அம்மாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடுகிற ரகம். "சமாதானமா முடிச்சுக்க முடியுமான்னு ரெண்டு பேரும் முதல்ல பேசிப் பாருங்க," என்றார்.

மேனேஜர் தயாராகத்தான் வந்திருந்தார். "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. முழுப் பணமும் தர்றோம். நாலே நாள்ல. இதுல கையெழுத்து மட்டும் போதும்." ஒரு தாளை நீட்டினார்.

டெய்லரக்கா இந்த முறை படித்தாள். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, எல்லோரையும் காக்க வைத்துப் படித்தாள். 'மேற்படி ஊழியர் வங்கிக்குத் தெரியாமல், தன் சொந்த ஆதாயத்துக்காக, என்னை ஏமாற்றினார்' என்று அதில் இருந்தது.

"இதுல போட்டா அந்தப் பொண்ணு என்ன ஆவா?"

"வேலையில இருக்க முடியாது. அது எங்க உள்விஷயம், நீங்க ஏன் கவலைப்படுறீங்க?"

வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார், போடு என்று. அவளுக்கும் போடத்தான் ஆசை. பொய் சொல்வானேன், பேனா மூடியைத் திறந்தே விட்டாள். பதினோரு நாள். நாலு நாளில் பணம். கடை அவளுடையது. ஏமாற்றியவள் அந்தப் பெண்தானே? ஆனால் வங்கிக்குத் தெரியாமல் என்று எப்படி எழுதுவது? தினம் காலையில் பெயர் வாசித்தது யார்?

கையெழுத்து போட வேண்டிய இடத்தைப் பார்த்தாள். பென்சிலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. கீழே இன்னொன்று. அடுத்த பக்கத்தில் ஒன்று.

"இந்தக் குறி யார் போட்டது சார்?"

"நான்தான். எங்க போடணும்னு உங்களுக்குத் தெரியணும்ல."

"அந்தப் பொண்ணும் இப்படித்தான் போட்டா. அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

குறைதீர்ப்பாளர் அம்மாள் கண்ணாடியைக் கீழே இறக்கினார். பழைய விண்ணப்பத்தையும் புதுத் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விண்ணப்பத்தில், 'எல்லாம் எனக்கு விளக்கப்பட்டது' என்ற வரிக்கு நேராகவும் அதே குறி. "அந்த மாசம் உங்க கிளையில வித்த பாலிசி அத்தனையும் எனக்கு வேணும். ஒரிஜினல்," என்றார். மேனேஜர் நாளாகும் என்றார். "ஆகட்டும்," என்றார் அம்மாள்.

டெய்லரக்கா பேனாவை மூடினாள்.

வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மூன்று மாடியும் இறங்கினார். தெருவுக்கு வந்ததும் சொன்னார்: "நீ பண்ணது சரிதான். ஆனா அதை இன்னைக்கு என் வாயால சொல்லச் சொல்லாத. எனக்கு வயிறு எரியுது."

கடைக்காரரிடம் போய் இன்னும் ஒரு மாதம் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை, கையைப் பிசைந்தார், ஆனால் மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் செல்ஃபோன் விற்கிற ஒருவர் வந்து பூட்டை மாற்றினார். மிஷினை ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, படுக்கையறை ஜன்னலோரம் போட்டாள். வாடிக்கையில் பாதிப் பேருக்கு வீடு தெரியாது.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அந்த மாதம் கிளையில் வெவ்வேறு ஊழியர்கள் விற்ற நாற்பத்தொரு பாலிசியின் விண்ணப்பத்திலும் அதே பென்சில் குறி இருந்ததாம். தவறு வங்கியினுடையது, முழுப் பணத்தையும் வட்டியோடு தர வேண்டும், மற்ற நாற்பது பேருக்கும் கடிதம் அனுப்ப வேண்டும். பணம் வந்தது. டெய்லரக்கா பாஸ்புக்கை ஒருமுறை பார்த்துவிட்டு டிராயரில் போட்டாள். இனி அதை வைத்துக்கொண்டு என்ன வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வங்கிப் பெண் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தோளில் இரண்டு மாதக் குழந்தை.

"மேனேஜரை மாத்திட்டாங்க அக்கா. எனக்கு வேலை இருக்கு. நீங்க அந்தத் தாள்ல கையெழுத்து போடலன்னு சொன்னாங்க."

"உம்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் தெரியாம சொல்லல அக்கா. அது டெபாசிட் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

டெய்லரக்கா மிஷினை நிறுத்தினாள். "தெரியும். நீ எப்பவும் முகத்தப் பாத்துப் பேசுறவ. அன்னைக்கு மட்டும் பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்த. பின்னாடி யோசிச்சப்ப புரிஞ்சுது."

"அப்ப ஏன் அக்கா போடல?"

"அதுல எழுதியிருந்தது பொய். அதான் போடல. உன்னை மன்னிச்சுட்டேன்னு நீயா நெனச்சுக்காத. என் கடை போச்சுடி. ஒரு வார்த்தை, அக்கா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னைக்கு அங்க உக்காந்திருப்பேன். உன் மேல எனக்குக் கோபம் இருக்கு. சீக்கிரம் போகாது."

அந்தப் பெண் வாசலிலேயே நின்று அழுதாள். குழந்தையும் விழித்துக்கொண்டு சேர்ந்து அழுதது. டெய்லரக்கா கொஞ்ச நேரம் இரண்டு அழுகையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய்க் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீ நின்னு அழுது முடி," என்றாள். "இது என்ன பண்ணுச்சு?"