எட்டடி வித்தியாசம்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது. என் பல்செட்டின் மேல் சத்தியம். சொந்தப் பல்லின் மேல் செய்திருப்பேன், கைவசம் இல்லை. இந்தப் பல்செட்டைச் செய்து மாட்டியது என் மகள், பல் டாக்டர். நான் பொய் சொன்னால் கழற்றி வாங்கிக்கொள்ள அவளுக்கு முழு அதிகாரம் உண்டு.

மகள் வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்று அவளுக்கும் மாப்பிள்ளைக்கும். இன்னொன்றில் என் சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா. நான் ஹாலில், சோபாவில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். சம்பந்தி என்னைவிட நாலு நாள் முன்னால் வந்து இறங்கிவிட்டார். அந்த நாலு நாளுக்காக நான் ஏழு மாதமாகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தேன். சோபா என் உயரத்துக்கு ஒரு முழங்கால் குட்டை. ஃபிரிட்ஜ் பெருமூச்சு விடும்போதெல்லாம் பதிலுக்கு நானும் ஒன்று விடுவேன்.

சம்பந்தி வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்தன்று என் மகள் ஏறவிருந்த காரின் டயரைக் குனிந்து பார்த்து, ‘தேஞ்சிருக்கு’ என்று திருப்பி அனுப்பியவர். நான் லிஃப்ட் ஓட்டியவன். பதினான்கு மாடிக் கட்டடம், முப்பத்தொரு வருடம். ஒரு விபத்து கிடையாது. ஒருநாளும் வழி தவறியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை ஒரு வீடியோ கேம் வாங்கினார். காட்டிலும் மலையிலும் சேற்றைக் கிளப்பிக்கொண்டு கார் பறக்கும் ராலிப் பந்தயம். ஆன்லைனில் யாரோடு வேண்டுமானாலும் மோதலாம், ஊர் உலகமே வேடிக்கை பார்க்கலாம். ஆனால் தொடங்குமுன் அது ஒரு கேள்வி கேட்கும்: நிஜம் வேண்டுமா, எளிமை வேண்டுமா?

“இதுல என்ன கேள்வி? நிஜம்தான்” என்றார் சம்பந்தி. “கிளட்ச் இல்ல, கியர் இல்லன்னா அது காரா? சக்கரம் வச்ச ஊஞ்சல்.”

“எல்லாரும் ஓட்டணும்ல சம்பந்தி? எனக்கு முட்டி வலி.”

“முட்டி வலிக்கிறவங்க காரை எதுக்கு ஓட்டணும்? லிஃப்ட்ல போகட்டும்.”

அடி சரியான இடத்தில் விழுந்தது.

“அப்படியா? ஞாயித்துக்கிழமை காலைல வச்சுக்குவோம். நீங்க நிஜத்துல வாங்க, நான் எளிமையில வரேன். ஜெயிக்கிறவங்களுக்கு ரூம்.”

“சரி, ரூம்தான் பந்தயம்” என்றார் சம்பந்தி.

“ஜன்னலோடயா?”

“உங்களுக்கு ஜன்னல் மட்டும் போதும்னா கழட்டித் தரேன், சோபாவுக்கு மேல மாட்டிக்குங்க.”

கை கொடுத்தோம். அவர் என் கையைப் பிடித்த விதத்தில் தேய்மானம் பார்ப்பது தெரிந்தது.

மாப்பிள்ளை சம்பந்தியின் அறையில் ஸ்டியரிங், மூன்று பெடல், கை பிரேக் எல்லாம் பூட்டிக் கொடுத்தார். சம்பந்தி நிஜத்தின் அளவை நூற்றுக்கு நூறு என்று ஏற்றி வைத்தார். எனக்கு ஹாலில் ஒரே ஒரு பொத்தான். கிட்டத்தட்ட என் பழைய லிஃப்ட் பொத்தான் அளவு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரையில் பதினேழு கட்டங்கள் இருந்தன. பிரேக் உதவி, திருப்ப உதவி, பள்ளத்தில் விழுந்தால் எழ உதவி என்று வரிசையாக. எல்லாவற்றிலும் டிக் போட்டேன். பதினேழாவதை மட்டும் படிக்கவில்லை, கண்ணாடி எங்கேயோ போயிருந்தது. தவிரவும், ஒருவர் உதவுகிறேன் என்கிறபோது என்ன உதவி என்று விசாரிப்பது மரியாதையும் அல்ல.

ராலியில் பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சம்பந்திக்கு அவர் பிள்ளை. எனக்கு என் மகள். மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர் காட்டுப் பாதை. அவர் முதலில் கிளம்ப வேண்டும், பத்து நிமிடம் கழித்து நான்.

பத்து நிமிடத்தில் அவர் நகரவே இல்லை. நிஜம் நூறு என்பதால் வண்டி காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனதும் புகைச் சான்றிதழ் கேட்டது. அப்புறம் விளையாட்டுக்குள்ளிருந்தே ஓர் ஆய்வாளர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தி பூரித்துப்போனார்.

“ஹாரனைக்கூட அடிச்சுப் பாக்கறான்டா! இவன் நல்லா வருவான்!”

கடைசியில் அவர் கிளம்ப, பின்னாலேயே நான் கிளம்பினேன். முதல் வளைவிலேயே அவர் புழுதியில் மறைந்துவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், ஓட்டத்தில் மனிதர் சூரர்.

நான் பொத்தானை அழுத்தினேன். மரங்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு பாறை, “தெரியாம குறுக்க வந்துட்டேன்” என்றது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஓர் ஆரஞ்சுப் பழம் உரித்தேன்.

“அப்பா, இடது கீழ்ப்பக்கம் ஆழமா ஒரு குழி” என்றாள் மகள். “பயப்படாதீங்க. லேசா அதிரும்… ஒரே நிமிஷம்… அவ்வளவுதான். துப்பிட்டு வாங்க.”

கொட்டையைத் துப்பினேன்.

நாலாவது கிலோமீட்டரில் சம்பந்தியின் கார் ஓரமாக நின்றது. டயர் பஞ்சர். எளிமையில் பஞ்சரே கிடையாது. நிஜம் நூறில் ஜாக்கி போட, கிளட்சை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை மிதிக்க வேண்டும். மிதித்திருக்கிறார். மாற்று டயரைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டதற்கு, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். திரைக்குள் மழை வேறு. அவர் பனியனில் சேறு தெறித்திருந்தது; துவைத்த மாப்பிள்ளையே இதற்குச் சாட்சி. அதற்குள் அவரை வேடிக்கை பார்க்க நாற்பதாயிரம் பேர் கூடி, ‘பெரியவரே, நட்டை அந்தப் பக்கம் திருப்புங்க’ என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு தின்ற என்னைப் பார்க்க ஒரே ஒருவர். அவரும் என் மகளின் நர்ஸ்.

அறை என்னுடையது என்று முடிவு செய்து, அவரைத் தாண்டப் போனேன். என் கார் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினேன், குத்தினேன். அசையவில்லை. மகள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பதினேழாவது கட்டத்தைப் படித்தாள்.

“‘வழியில நிக்கிறவங்களுக்கு உதவி.’ இதுக்குமா டிக் போட்டீங்க?”

“எல்லாம் நமக்குக் கிடைக்கிற உதவின்னு நினைச்சேன்மா.”

கார் தானாகவே அவர் காருக்கு முன்னால் போய் நின்று, கயிற்றை எடுத்து நீட்டியது. சம்பந்தி சும்மா வருவாரா?

“சிவப்புத் துணி கட்டாம இழுக்கக் கூடாது!” என்று சுவருக்கு அப்பாலிருந்து கத்தினார்.

“காட்டுல சிவப்புத் துணிக்கு எங்க போறது சம்பந்தி?”

மகள் பாத்ரூமிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்து வந்து திரை முன்னால் பிடித்தாள். அது கயிற்றில் போய்க் கட்டிக்கொண்டது. அந்தத் துண்டு இன்றுவரை வீடு திரும்பவில்லை.

மிச்சம் இருபத்தொரு கிலோமீட்டரும் அவரை இழுத்துக்கொண்டு போனேன். நான் பொத்தானை அழுத்த, அவர் பின்னாலிருந்து ஒவ்வொரு வளைவிலும் நுணுக்கமாகத் திருப்பினார்.

“மெதுவா சம்பந்தி! பின்னாடி ஆள் இருக்கேன்!”

“பிரேக் உங்க காலுக்குக் கீழதான இருக்கு? மிதிங்க!”

“காலைத் தூக்க முடிஞ்சா மிதிக்க மாட்டேனா?”

பிறகு சுவர் மெல்லப் பேசியது. “எனக்கும் முட்டி வலிதான். ஏழு வருஷமா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

நாற்பதாயிரம் பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

எல்லைக் கோட்டை முதலில் தாண்டியது நான். அடுத்து அவர். கயிற்றின் நீளம் எட்டடி, வித்தியாசமும் எட்டடி. சம்பந்தி நொண்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தார். திரையில் அளவு நாடாவை வைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்தார்.

“விதிப்படி உங்க வெற்றிதான்” என்று தன் தலையணையை எடுத்து வந்து சோபாவில் போட்டார். போகிற போக்கில் என் காதோடு கேட்டார், “அடுத்த வாரம் அந்தப் பொத்தானை எனக்குக் குடுப்பீங்களா?”

“பதினேழாவதுல டிக் போடணும், பரவாயில்லையா?”

“போட்டுத் தொலைங்க.”

அன்றிலிருந்து அறை எனக்கு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடியில் துணி காய்வது தெரியும். கட்டில் என் உயரத்துக்கு மேல் ஒரு சாண் நீளம்.

மாப்பிள்ளை வாங்கிய அந்த கேம் இன்னும் கம்ப்யூட்டரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சோபாவிலிருந்து தலையைத் தூக்கி இப்போதுதான் பார்த்தேன், அறுபத்தொரு சதவீதம்.