கை வீசிக்கொண்டு பஜாருக்கு

வலது தோளில் பிடித்த வலி முழங்கை வழியாக இறங்கிச் சுண்டுவிரலில் போய் நின்றது. ராசெமா விரலை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. ஆனால் வேறு யாருடைய விரலோ ஆடுவதுபோல் இருந்தது. நிலக்கரியோடு பெல்ட்டில் ஓடிவரும் கல்லை எட்டு மணி நேரம் பொறுக்கி எறிகிற கை அது. இருபத்தாறு வருஷமாக அதே மூன்றாம் பெல்ட், அதே இடது பக்கம்.

காலை ஷிப்ட் முடிந்து, உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை விரித்தாள். பழைய ஷிப்ட் அட்டவணையின் பின்பக்கம். மதிய ஷிப்டுக்கு வந்த ஹைரியா பூட்ஸை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி அது, உயிலா?"

"சனிக்கிழமை சரயேவோ போறேன்."

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லை. பஜாரைப் பாக்கப் போறேன்."

ஹைரியா காகிதத்தைப் பிடுங்கி வாசித்தாள். "ஒன்பதரை, பஸ் இறங்குறது. பத்து, நீரூற்றுப் பக்கம் உக்கார்றது. பதினொண்ணு, செம்பு தட்டுற தெருவுல மெதுவா நடக்குறது. எதுவும் வாங்குறதில்லை. பன்னிரண்டு, செவாப்பி, சுட்ட கறி பத்து துண்டு, வெங்காயத்தோட. அப்புறம் காபி. உக்கார்றது. பள்ளிவாசல் முற்றம், நிழல், உக்கார்றது." நிமிர்ந்தாள். "ஏடி, நடக்குறது ஒண்ணு, உக்கார்றது மூணு. இதுக்குப் பஸ் எதுக்கு?"

"வீட்ல உக்காந்தா காபி போட எழுந்துக்கணும்."

ஹைரியா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் வீட்டிலும் அதே கதைதான்.

ராசெமா இதுவரை இரண்டு தடவை அந்த நகரத்துக்குப் போயிருக்கிறாள். ஒரு தடவை கணவன் ஏதெமின் நுரையீரலைப் படம் எடுக்க. இன்னொரு தடவை அவனுடைய ஓய்வூதியத் தாள்களுக்காக. இரண்டு தடவையும் பஜாரைப் பார்த்தது ஓடுகிற டிராமின் ஜன்னல் வழியாகத்தான். புறாக்கள். மர நீரூற்று. அதன் அருகே தன் வயதிலேயே ஒருத்தி, முன்னால் காபித் தட்டு, குதிகாலைச் செருப்பிலிருந்து பாதி வெளியே எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் குதிகால் ராசெமாவின் மனதை விட்டுப் போகவே இல்லை.

"சனிக்கிழமை வேலைநாளாச்சே. மேஸ்திரி விடுவானா?" என்றாள் ஹைரியா.

"ஆள் நின்னா விடுவானாம்."

"நான் நிக்கிறேன்."

"உனக்கு ரெண்டு மணிக்கு உன் ஷிப்ட் இருக்கு. பதினாறு மணி நேரம் ஆகும்டி."

"எண்ணத் தெரியும் எனக்கு. போயிட்டு வா. அடுத்த மாசம் நான் போறேன், நீ நில்லு."

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு ராசெமா ஒரு தப்புச் செய்தாள். ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் பஜாருக்குப் போகிறேன் என்று சொன்னால், எனக்குக் கை காலியாக இருக்கிறது என்று அறிவித்ததாக அர்த்தம்.

வியாழக்கிழமை சாயங்காலமே மூட்டைகள் வந்தன. எதிர்வீட்டுக்காரி அடி பிரிந்த ஒரு ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்தாள். தையல்காரி, மெத்தைக்காரனிடம் காட்ட ஒரு துண்டுத் துணி கொடுத்தாள். நாலு பேருக்கு ஒரே கடையில் வறுத்த காபித்தூள் வேண்டும். ஒருத்தி குறிப்பிட்ட கல்லறை முன் நின்று தன் மகனுக்காகத் துஆ ஓதி வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அதையும் காகிதத்தில் எழுதியே கொடுத்தாள், ராசெமா மறந்துவிடுவாளாம். கடைசியாக ஏதெமின் அண்ணன் ஸுல்ஃபோ ஈயம் போன பெரிய செம்புப் பானையை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல், "ஈயம் பூசிட்டு வாம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். உள்ளே ஓர் ஆட்டுக்குட்டி படுக்கலாம், அவ்வளவு பெரிய பானை.

ஏதெம் சோபாவில் இருந்தபடியே, "போறதுதான் போற, எடுத்துட்டுப் போயேன்" என்றான்.

"எந்தக் கையால?"

அவன் அவளுடைய தோளைப் பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ராசெமா கரி அள்ளும் தள்ளுவண்டியை வெளியே எடுத்தாள். எல்லாவற்றையும் அதில் ஏற்றி வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். "நான் கை வீசிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி செருப்பை வாங்கிக்கொண்டு, "பெரிய மகாராணி" என்றாள். "ஒரு நாளைக்கு" என்றாள் ராசெமா. துஆ கேட்டவளிடம் மட்டும் காகிதத்தை மடித்துக் கையில் வைத்து, "இங்கேயும் கேட்கும்" என்றாள். ஸுல்ஃபோ வீட்டில் இல்லை, வழக்கம்போல் டாமினோ ஆடப் போயிருந்தார். பானையை அவர் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குப் பஸ் நிறுத்தத்தில் ஸுல்ஃபோ நின்றார். காலடியில் பானை.

"அடுத்த வாரம் அம்மா பேர்ல மௌலூது ஓதுறோம். நாற்பது பேருக்குச் சாப்பாடு. ஈயம் போன பானையில சமைச்சா அத்தனை பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவாங்க. அந்தப் பாவம் உனக்குத்தான்."

"பாவம் எனக்கு வரட்டும். பானை உங்ககிட்டயே இருக்கட்டும்."

"பஸ்ல வெச்சா வெச்சபடி வரும். உனக்கு என்ன கஷ்டம்?"

"ஈயக்காரன் மூணு மணிக்கு வான்னு சொல்வான். அதுக்கப்புறம் நான் எங்க பஜாரைப் பாக்குறது? கடிகாரத்தைத்தான் பாத்துட்டிருப்பேன்."

"ஏம்மா, எனக்கு நேரம் இருந்தா நானே போக மாட்டேனா?"

பின்னால் நின்ற இரண்டு சுரங்கத்துப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக ஓய்வூதியம் வாங்குகிற மனுஷன். டிரைவர் கதவைத் திறந்து, "அக்கா, பானைக்கும் டிக்கெட் போடணுமா?" என்றார்.

"அது இவரோட வந்தது. இவரோடயே போகும்."

ஸுல்ஃபோவின் முகம் சிவந்தது. "ஊர் என்ன சொல்லும் தெரியுமா? அவ சும்மா உக்காரப் போனாளாம்னு சொல்லும்."

"சொல்லட்டும். நிஜத்தைத்தானே சொல்லப் போகுது."

அவர் பானையைத் தூக்கி பஸ்ஸின் முதல் படியில் வைத்தார். ராசெமா குனிந்து, வலிக்காத இடது கையால் அதைத் தெருவில் இறக்கி வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், செம்பு ஒரு சத்தமும் போடவில்லை. பிறகு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியபோது ஸுல்ஃபோ பானையைக் கையில் தூக்குவதா தோளில் வைப்பதா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

மடியில் அந்தக் காகிதம். கையில் குடைகூட இல்லை. இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று அவளுக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

பஸ் சுரங்கத்து வாசலைத் தாண்டியது. ஹைரியா உள்ளே போய்க்கொண்டிருந்தாள். கையில் இரண்டு ரொட்டிப் பொட்டலங்கள், ஷிப்டுக்கு ஒன்று. நேற்று ராசெமா கேட்டிருந்தாள், உனக்கு என்ன வாங்கி வரட்டும் என்று. "ஏதாவது வாங்கிட்டு வந்தே, பெல்ட்ல தூக்கிப் போட்டுருவேன்" என்று ஹைரியா சொல்லியிருந்தாள். இப்போது பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அவளுடைய கையும் காதுக்கு மேல் போகாத கைதான். பாதிவரைதான் தூக்க முடிந்தது.

ராசெமா குதிகாலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டுக்கொண்டாள். ஹைரியாவுக்கு அவள் ஒரு முழு ஷிப்ட் கடன்பட்டிருந்தாள்: மூன்றாம் பெல்ட், எட்டு மணி நேரம், நின்றபடி.