வெந்நீரில் முக்காத சுளைகள்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. பழம் டப்பாவில் அடைக்கிற ஆலையில் காலையிலிருந்து எட்டுத் தொட்டி ஆரஞ்சுச் சுளை அள்ளியவளுக்குக் குனிந்தால் நிமிர முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தொட்டியிலிருந்து நாத்தனார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, பல்லு உயிர் போகுது. யாருக்கும் தெரியாம டாக்டர்கிட்ட ஓடிட்டு வந்துடறேன். என் தொட்டியையும் பாத்துக்கங்க."

"போடி. பல்லு போனா வீட்ல சோறாவது மிச்சமாகும்."

நாத்தனாரின் எண் வில்லை தொட்டியிலேயே தொங்கியது. அந்தத் தொட்டிச் சுளை போகிற டப்பா மூடியில் அந்த எண்தான் விழும்.

சுளையின் தோலைக் கரைக்கத் தண்ணீரில் நொதி கலப்பார்கள். வேலைக்காரர்கள் அதை மருந்து என்பார்கள். பழத்தின் சுவரைத் தின்கிற மருந்து. நாற்பது நிமிஷம் தின்னவிட்டு, சுளையை வெந்நீரில் முக்கி அதைச் சாகடித்துவிட வேண்டும். இல்லையென்றால் டப்பாவுக்குள் போயும் தின்றுகொண்டே இருக்கும்.

ஒரு நிமிஷம் என்றுதான் கவிழ்த்த கூடையில் உட்கார்ந்தாள். கண் விழித்தபோது டப்பா அடைக்கிற பக்கமிருந்து சுளை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரின் தொட்டிச் சுளையை வெந்நீர்வரை தூக்கிப்போக இடுப்பில் தெம்பில்லை. பச்சைத்தண்ணீரில் அலசித் தள்ளிவிட்டாள். பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தன.

பத்தாம் நாள், கிடங்கில் திறந்த டப்பாக்களில் சுளையே இல்லை. மஞ்சள் கூழ். மூடியில் நாத்தனாரின் எண். மேஸ்திரி கூப்பிட்டனுப்பினார்.

அறை வாசலில் நாத்தனார் குசுகுசுத்தாள். "அன்னைக்கு வெந்நீர்ல முக்கினீங்கதானே அண்ணி?"

"முக்காம பின்ன? பழமே அழுகலா வந்திருக்கும்."

"அதானே. நீங்களா விடுவீங்க!"

உள்ளே போனவளின் குரல் வெளியே கேட்டது. "முக்கினேன் சார். என் புள்ள மேல சத்தியம்."

"தப்புகூடப் போகட்டும். புள்ள மேல பொய்ச் சத்தியம் பண்றவ எனக்கு வேணாம். வில்லையக் கழட்டு."

சாயங்காலம் வீட்டில் நாத்தனார் அவள் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். சுளை பிரித்துப் பிரித்து ரேகை தேய்ந்த விரல்கள்.

"அழுகப் பழத்த வாங்கிட்டு என் தலையில கட்டிட்டானுங்க பாருங்க."

"இன்னும் கொஞ்சம் கீழ தேய்," என்றாள் அவள், முகத்தைத் தலையணையில் புதைத்தபடி.

நாத்தனாருக்கு அவள் தர வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்: முக்கவில்லை. அதை அவள் தரவில்லை.